இலைக்கு எலும்பு கிடையாது

என் வீட்டுக்காரரும் என் கொழுந்தனும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். ஒரே தொட்டித் தண்ணீரை நம்பிப் பிழைக்கிறார்கள். ஆனால் ஆறு வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. நடுவில் நான். அவர் சொல்வதை இவனிடம் சொல்ல வேண்டும், இவன் சொல்வதை அவரிடம் சொல்ல வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது கச்சேரி முடிந்தால் உறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

கூரை என்றால் பிளாஸ்டிக் தாள் போட்ட கூரை. வெயில் உள்ளே வரும், மழை வராது. அந்தக் கூடாரத்துக்குள் மண் என்று ஒரு பிடி கிடையாது. இடுப்பு உயரத்தில் வரிசை வரிசையாக வெள்ளைக் குழாய்கள், குழாயில் சாணுக்கு ஒரு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு லெட்டூஸ் செடி. சாலட்டில் போடுவார்களே, கடித்தால் நறுக்கென்று சத்தம் வருமே, அந்த இலைதான். வேர் குழாய்க்குள் தொங்கும். மூலையில் உள்ள தொட்டியில் தண்ணீரோடு சத்து உப்பைக் கலந்து வைத்தால், மோட்டார் அதை இழுத்துக் குழாய்களில் ஓடவிடும். ஓடியது மறுபடி தொட்டிக்கே வந்து சேரும்.

இவர்கள் சண்டைக்குக் காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு புயல் நாளில் பக்கக் கதவு திறந்து கிடந்தது. காற்று உள்ளே புகுந்து கூரைத் தாளைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. கதவைத் திறந்து போட்டது நீதான் என்று அவர் சொன்னார். கடைசியாக வெளியே போனது நீங்கதான் என்று இவன் சொன்னான். நாலு பேர் முன்னால் வார்த்தை தடித்தது.

"இனிமே உன்கிட்ட பேசினேன்னா என்னைச் செருப்பால அடி" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதுக்கும் நான் உங்க பக்கத்துல வரணும்ல. வேண்டாம்" என்றான் தம்பிக்காரன்.

அவ்வளவுதான். கூரைக்குப் புதுத் தாள் ஒரே வாரத்தில் போட்டாயிற்று. இவர்கள் வாய் மட்டும் பூட்டியது பூட்டியபடி இருக்கிறது. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. வீம்பை மட்டும் என் மாமியார் மகராசி கஞ்சத்தனம் பார்க்காமல் இருவருக்கும் சரிசமமாகப் பங்கு வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

இருந்தாலும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தினமும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள் அல்லவா, என்றைக்காவது ஓர் அவசரத்தில், குழாய் உடைந்தோ மோட்டார் புகைந்தோ, வாய் தவறி ஒரு வார்த்தை வந்துவிடும், அந்த ஒன்று வந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூடாரம் இருக்கிற வரைக்கும்தான் அதுவும். கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிடித்து வைக்க இங்கே எதுவும் கிடையாது. வெளியூரில் இருக்கும் சிநேகிதன் ஒருவன் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். "இந்தச் செடிங்களுக்காகத்தான் இருக்கேன் அண்ணி" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

எங்கள் இலை முழுவதையும் வாங்குவது ஒரே இடம், ஆபீஸ்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் ஒரு பெரிய சமையல்கூடம். அங்கிருக்கும் மேனேஜரம்மா போன இரண்டு தடவையும் இலை தளர்ந்திருக்கிறது என்று முகம் சுளித்திருந்தாள். "இந்தத் தடவையும் இப்படித்தான்னா நாங்க வேற இடம் பாத்துக்கறோம்" என்று தன்மையாகத்தான் சொன்னாள். அவள் விட்டால் கூடாரம் போகும். கூடாரம் போனால் கொழுந்தன் போவான். அவன் போனால் அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தெரிந்து வேறு வழி எதுவும் மிச்சமிருக்காது. ஆகவே அந்த அறுவடையை நான் என் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். செடிகளும் நன்றாகத்தான் வந்திருந்தன. கை வைத்தால் இலை கையைத் தள்ளியது.

சண்டை வந்த புதிதில் ஒரு நாள் கொழுந்தனைக் கேட்டிருக்கிறேன், இவ்வளவு மெல்லிசான இலை எப்படித் தம்பி இவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்று.

"இலைக்கு ஏது அண்ணி எலும்பு? உள்ள இருக்கற தண்ணிதான். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறை அண்ணி, ஒவ்வொண்ணுலயும் தண்ணி ரொம்பி சுவரை முட்டிக்கிட்டு நிக்குது. சைக்கிள் டியூப்ல காத்து நிக்குதுல்ல, அந்த மாதிரி. காத்து எறங்கிட்டா டயர் என்ன ஆவும்?"

"படுத்துடும்."

"அதான் வாடறது. இலை சாகல, காத்து எறங்கியிருக்கு, அவ்வளவுதான். தண்ணி உள்ள போனா எழுந்துக்கும். சுவரு கிழியாத வரைக்கும் எழுந்துக்கும்."

என் வீட்டுக்காரர் தொட்டி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "தண்ணி மட்டும் போதுமாமா? சோறு வேண்டாமா? வாடுதுன்னா பசின்னு அர்த்தம்னு சொல்லு அவன்கிட்ட" என்றார். இவன் பதிலுக்கு, "வாடுதுன்னா தாகம்னு சொல்லுங்க அண்ணி" என்றான். நானும் இரண்டையும் சொன்னேன். அந்த லட்சணத்தில்தான் எங்கள் விவசாயம்.

வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து, கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, சத்து உப்பைப் போட வேண்டும். யார் கை சும்மா இருக்கிறதோ அவர் போடுவார். போட்டவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்வார், நான் போய் அடுத்தவரிடம் சொல்வேன். உப்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டர் ஒன்று இருந்தது. அது தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனது. வேறு வாங்க வேண்டும் என்று இருவருமே என்னிடம் சொன்னார்கள், நானும் இருவரிடமும் சொன்னேன், யாரும் வாங்கவில்லை. கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எனவே தொட்டியில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதற்கு எங்கள் கூடாரத்தில் இருந்த ஒரே சாட்சி என் வாய்தான்.

அந்த வாய்க்குத்தான் ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

காலையில் வந்ததும் வராததுமாக என் வீட்டுக்காரர், "வடிகட்டியைக் கழுவாம போயிருக்கான், என்னன்னு கேளு" என்றார். போய்க் கேட்டேன். "அவர் ரப்பர் ஷூவைக் கழுவாம உள்ள வந்தா வடிகட்டி என்ன அண்ணி பண்ணும்?" என்றான் இவன். வந்து சொன்னேன். "ஷூவைப் பத்தி யாரு பேசறான்னு சொல்லு" என்றார். இதற்குள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஈரத் தரையில் நாலு தடவை நடந்துவிட்டேன், ஒரு தடவை வழுக்கியும் விட்டது. விழப் பார்த்தவளை ஏன் என்று கேட்க நாதியில்லை. வந்தது பாருங்கள் கோபம்.

"நான் என்ன இந்தக் கூடாரத்து டெலிபோனா?" என்றேன். "ஆளுக்கு ஒரு வாய் இருக்கு, ஒரு நாக்கு இருக்கு. இனிமே நான் எதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வேணும்னா நேரா பேசிக்குங்க, இல்லைன்னா ஊமையா கிடங்க."

சொல்லிவிட்டுப் பின்னாலிருக்கும் பேக்கிங் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அட்டைப் பெட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டே உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தேன். நடுவில் இருக்கும் கயிறை அறுத்துவிட்டால் இருவரும் எப்படியும் ஒருவரை ஒருவர் பார்த்துத்தானே ஆக வேண்டும், இந்தப் புத்தி எனக்கு முன்னமே ஏன் வரவில்லை என்று நினைத்தேன்.

அன்றைக்குத் தொட்டி மாற்றும் நாள். அது எனக்கு ஞாபகம் இருந்தது. அவர்களுக்கும் இருந்தது.

மறுநாள் மதியம் இலைகள் லேசாகத் தளர்ந்திருந்தன. நல்ல வெயில், வெயிலில் கொஞ்சம் தளரும், சாயங்காலம் எழுந்துகொள்ளும் என்று நானும் விட்டுவிட்டேன். கொழுந்தன் வரிசைகளுக்கு நடுவில் இரண்டு மூன்று தடவை நடந்தான். மோட்டாரை வேகமாக ஓடவிட்டான், குழாய்களில் தண்ணீர் சலசலவென்று ஓடும் சத்தம் பேக்கிங் அறை வரைக்கும் கேட்டது. என் வீட்டுக்காரர் தொட்டிப் பக்கம் இடிச்ச புளி மாதிரி நின்றுகொண்டிருந்தார். என்னிடம் ஏதோ கேட்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் கூப்பிடவில்லை. இரண்டு நாள் தாங்கினால் மூன்றாம் நாள் பேசிவிடுவார்கள் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். என் மேல்தான் தப்பு என்று சொல்கிறவர்கள் ஆறு வருடம் அந்தத் தரையில் தபால் சுமந்துவிட்டு வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கடுத்த நாள் நான் உள்ளே நுழைந்தபோது கூடாரம் முழுக்கப் படுத்துக் கிடந்தது. ஒரு வரிசை, இரண்டு வரிசை இல்லை. எல்லாச் செடியும் குழாயின் இரு பக்கமும் ஈரத் துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. குழாய்க்குள்ளே தண்ணீர் அருவியாய் ஓடிக்கொண்டிருக்கிறது, வேர் அதற்குள் முங்கித்தான் கிடக்கிறது, இலை மட்டும் பாலைவனத்தில் நிற்பது போல வாடிக் கிடக்கிறது.

ஒரு செடியை வேரோடு தூக்கிப் பார்த்தேன். வேரிலிருந்து சொட்டிய தண்ணீர் கையில் வழிந்தது. முந்தின நாள் பெட்டி மடிக்கும்போது விரலை அறுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காயத்தில் பட்டதும் சுரீரென்று எரிந்தது. விரலை நாக்கில் வைத்தேன். அப்படி ஒரு கரிப்பு, அதன் பின்னாலேயே ஒரு கசப்பு. துப்பிவிட்டு நின்றேன்.

சமையல் செய்கிற எவளுக்கும் இது தெரியும். வெள்ளரிக்காயை நறுக்கி உப்பைத் தூவி வைத்தால் சற்று நேரத்தில் தட்டில் தண்ணீர் நிற்கும், துண்டு துவண்டுபோயிருக்கும். வெளியே உப்பு கூடினால் உள்ளே இருக்கும் தண்ணீரையும் அது இழுத்துக்கொள்ளும். செடி குடிக்கவில்லை. தொட்டிதான் செடியைக் குடித்துக்கொண்டிருந்தது.

நான் இருவரையும் கூப்பிட்டேன். என் குரலில் என்ன இருந்ததோ, இருவரும் ஓடி வந்தார்கள். ஒருவர் தொட்டிக்கு அந்தப் பக்கம், ஒருவன் இந்தப் பக்கம்.

"ஏங்க, தொட்டி மாத்தின அன்னைக்கு உப்பு போட்டீங்களா?"

"போட்டேன். தண்ணி மாத்தினதும் போட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"தம்பி, நீ?"

கொழுந்தன் என்னைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தான். "போட்டேன் அண்ணி. டீ குடிச்சுட்டு வந்து போட்டேன். தண்ணி புதுசா இருந்துச்சு, போடலைன்னு நினைச்சேன்."

"அதோட விட்டீங்களா ரெண்டு பேரும்?"

என் வீட்டுக்காரர், "நேத்து வாடியிருந்துச்சு. பசின்னு நினைச்சு இன்னொரு தடவை போட்டேன்" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

நேற்று மதியம் இவர் உப்பைப் போட்டார், அவன் மோட்டாரைக் கூட்டி அந்த உப்பை எல்லா வேருக்கும் சீக்கிரமாகக் கொண்டு போய்ச் சேர்த்தான். இவர் பசி என்றார், அவன் தாகம் என்றான். இருவரும் செடியைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள், அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒரே ஒரு வார்த்தை, "போட்டாச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல அந்த வாய்களுக்கு வலித்தது.

வேலையில் இறங்கினோம். தொட்டியைத் திறந்துவிட்டோம். வெறும் தண்ணீரை நிரப்பி ஓடவிட்டோம், அதையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்பினோம். வெயில் படாமல் கூரை மேல் இழுக்கும் நிழல் வலையை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்தார்கள். அவர் நிறுத்தினால் இவனும் நிறுத்தினான், அவர் இழுத்தால் இவனும் இழுத்தான். ஒரு வார்த்தை இல்லாமல் எப்படித்தான் அவ்வளவு சரியாகச் சேர்ந்து வேலை செய்தார்களோ தெரியவில்லை.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் வெளி இலைகள் ஒவ்வொன்றாக அசைந்தன. கண்ணுக்குத் தெரிந்தே அசைந்தன. தொங்கிக் கிடந்த இலை மெல்லக் குழாயை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் ஒரு செடிக்கு முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டே, "நிமிருதுல்ல" என்றார்.

என்னிடம் சொல்லவில்லை. நான் அடுத்த வரிசையில் இருந்தேன். அவருக்குப் பக்கத்தில் நின்றது கொழுந்தன்.

"ம்" என்றான் கொழுந்தன்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தும்மல் வந்தால்கூடக் கெட்டுவிடும் போலிருந்தது. ஆனால் அவ்வளவுதான் வந்தது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார், பக்கத்தில் நிற்பது யார் என்று அப்போதுதான் தெரிந்தது போல ஒரு கணம் பார்த்தார், வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். போகட்டும், ஒன்று வந்துவிட்டது, நாளைக்கு இன்னொன்று வரும் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் வந்து பார்த்தால் வெளி இலைகள் நின்றுகொண்டுதான் இருந்தன. நடுக்குருத்து போய்விட்டிருந்தது. ஒவ்வொரு செடியின் நடுவிலும் இளம் இலைகள் வேகவைத்தது போலக் கண்ணாடி நிறமாகி, ஓரம் எல்லாம் பழுப்பாகக் கருகிக் கிடந்தன. தொட்டால் விரலில் ஒட்டியது. கொழுந்தன் ஒன்றைப் பிளந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"சுவரு கிழிஞ்சிருச்சு அண்ணி" என்றான். "இனிமே எவ்வளவு தண்ணி விட்டாலும் நிக்காது."

மேனேஜரம்மா சொன்ன நேரத்துக்கு வந்தாள். நல்லவள்தான், குறை சொல்ல முடியாது. வரிசை வரிசையாக நடந்து பார்த்தாள். ஒரு வெளி இலையைக் கிள்ளி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மடித்தாள். நறுக்கென்று ஒடிய வேண்டிய இலை சத்தமில்லாமல் மடிந்தது. "என்னாச்சு?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கொழுந்தனும் என்னைப் பார்த்தான். வெளியாளிடம் பேசக்கூட அவர்களுக்கு நான் வேண்டியிருந்தது.

"உப்பு கூடிருச்சுங்க" என்றேன்.

"அதெப்படி இவ்வளவு கூடும்?" என்றாள் அவள். இலையைக் குழாயின் மேல் வைத்துவிட்டு, வருத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன, நான் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை.

மதியம் என் வீட்டுக்காரர் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். யாரும் பிடுங்கச் சொல்லவில்லை, பிடுங்கி இனி எதை நடப்போகிறோம் என்றும் தெரியவில்லை, ஆனாலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். மோட்டாரை நிறுத்தியாயிற்று. அந்தக் கூடாரத்தை நான் அவ்வளவு அமைதியாகக் கேட்டதில்லை. வேர் குழாயை விட்டு வெளியே வரும் சத்தம் மட்டும்தான்.

கொழுந்தன் கை கால் கழுவி, சட்டை மாற்றி, தோள்பையோடு வந்து என் முன்னால் நின்றான்.

"அண்ணி, நான் கெளம்பறேன். சிநேகிதன் வரச் சொல்லிட்டான்" என்றான். "அவர்கிட்ட சொல்லிடுங்க."

என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த இடம் அங்கிருந்து பத்தடிகூட இருக்காது. குழாய்களுக்கு நடுவில் அவர் முதுகு தெரிந்தது.

"நீயே சொல்லு தம்பி" என்றேன். "இந்த ஒரு தடவை. போறேன்னு ஒரு வார்த்தை. பாரு, பக்கத்துலதான் இருக்காரு. உன் கால்ல வேணும்னா விழறேன்."

"என்ன அண்ணி பேச்சு இது" என்றான். ஆனால் போகாமல் நின்றான். அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாயைக்கூடத் திறந்தான், நான் பார்த்தேன்.

"வர மாட்டேங்குது அண்ணி" என்றான். "வரணும்னுதான் நிக்கறேன். வர மாட்டேங்குது."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவனைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் அந்தப் பக்கம் திரும்பினேன்.

"ஏங்க" என்றேன். "தம்பி போறான். ஊரை விட்டே போறான். ஏங்க."

வேர் இழுக்கும் சத்தம் நின்றது. முதுகு அசையவில்லை. கையில் பிடித்த செடியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். திரும்புவார் என்று நான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். என்னைப் பெற்றவள் வருகிறாள் என்றால்கூட அவ்வளவு ஆசையாக நான் எதிர்பார்த்திருக்க மாட்டேன்.

"கேட்டுச்சுன்னு சொல்லு" என்றார்.

நான் கொழுந்தன் பக்கம் திரும்பினேன். அவன் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டிருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. அவனுக்கும் கேட்டிருந்தது.